47 என்று எழுதிய பலகை: முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு காவலர் தேர்வுப் பயிற்சி மையம்

வேலூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் பயிற்சி மையத்தில் 2025 ஜூலை முதல் நவம்பர் முதல் வாரம் வரை நான்கு மாதம் படித்தேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு, முன்னாள் படைவீரர்களை மட்டும் தனி பேட்சாகச் சேர்த்துப் பயிற்சி தருவதாக அவர்கள் விளம்பரம் செய்திருந்தார்கள். கட்டணம் 14,500 ரூபாய், இரண்டு தவணை. பாடப் புத்தகங்கள் அதில் அடங்கும், காலை உடற்பயிற்சிக்கான மைதானக் கட்டணம் அடங்காது. மையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்பது ஒரு காரணம். அங்கே பாடம் நடத்தியவர்களில் இருவர் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது, உரிமையாளர் செய்த பிழைக்கு அவர்கள் பெயர் கெட வேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

நான் 2004இல் 19 வயதில் தரைப்படையில் சேர்ந்து, 17 ஆண்டுப் பணிக்குப் பின் 2021இல் நாயக் பதவியில் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவன். வேலூர் மாவட்டத்தில் இது புதிய கதை அல்ல. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பார். ஓய்வு பெற்று வருபவர்களும் அதே அளவுக்கு இருப்பார்கள். முப்பத்தைந்து நாற்பது வயதில் திரும்பி வருகிறவருக்கு ஓய்வூதியம் இருக்கும். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டுக் கடனும் பாதியில் நிற்கும். ஏதாவது ஒரு கிடங்கிலோ வங்கி ஏ.டி.எம்.மிலோ காவலாளியாக நிற்பது, இல்லாவிட்டால் அரசு வேலைக்கு முயல்வது என்று இரண்டு வழிதான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். நான் முதலாவதை நான்கு ஆண்டு பார்த்துவிட்டு, நாற்பதாவது வயதில் இரண்டாவதற்கு வந்தேன்.

என்னை உள்ளே இழுத்தது மையத்தின் வாசலில் இருந்த பலகை. சிவப்பு எழுத்தில், கொட்டை எழுத்தில், "47 வயதிலும் போலீஸ் ஆகலாம்" என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31; முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் 47. அதோடு அவர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த 47 என்பது 45 ஆகத்தான் இருந்தது. கொரோனா காலத்தில் தேர்வுகள் தள்ளிப்போனதால் 2021இல் மாநில அரசு நேரடி நியமனங்களுக்கான வயது வரம்பை இரண்டு ஆண்டு உயர்த்தியபோது இதுவும் உயர்ந்தது. ஆகவே பலகை சொல்வது சரிதான். யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை உள்ளே இருந்தவர்கள் யாரும் சொல்லாததுதான் சிக்கல்.

எங்கள் பேட்சில் 23 பேர். முதல் நாளே எல்லாரும் தாமாக எழுந்து வழிவிட்டு முன் வரிசையில் உட்காரவைத்தது ஒரு நாயப் சுபேதாரை. படையில் மேலதிகாரியை அழைப்பதுபோல, வகுப்பில் அவருக்குப் பெயர் "சாப்" என்பதுதான். பாடம் நடத்த வந்த ஆசிரியைகூட இரண்டாவது வாரத்திலிருந்து அவரை அப்படித்தான் அழைத்தார். 19 வயதில் சேர்ந்து 28 ஆண்டு பணியாற்றி 2024இல் வெளியே வந்தவர். தினமும் சட்டை கசங்காமல், ஷூ பளபளக்க, வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் முன்பே வந்து கரும்பலகையைத் துடைத்து வைத்திருப்பார். ஆகஸ்ட் கடைசியில் 3,644 பணியிடங்களுக்கான விண்ணப்பம் இணையத்தில் திறந்தபோது, பக்கத்து இணைய மையத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து நிரப்பினோம். சாப் தன்னுடைய பிறந்த தேதியைச் சொன்னார், பையன் தட்டினான், திரை ஏற்றுக்கொள்ளவில்லை. பையன் மறுபடியும் தட்டினான். "ஐயா, உங்களுக்கு 47 தாண்டிடுச்சே" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. சாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அவருக்கு அப்போது 48. படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கின் நகலை அவர் மையத்தில் சேரும்போது கொடுத்திருந்தார்; அதன் முதல் பக்கத்திலேயே பிறந்த தேதி இருக்கிறது. பணம் வாங்கிய மேசையில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

இந்த ஒரு சம்பவத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன் என்று சொன்னாலும் தவறில்லை. முன்னாள் படைவீரர்களுக்கு என்றே ஒரு பயிற்சி மையம் நடத்துகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வயதுக் கணக்கை. ஏனென்றால் நம் நாட்டில் சீருடைப் பணிக்குத் திரும்ப விரும்பும் படைவீரருக்கு வயதைக் கணக்கிடும் முறை ஒன்று அல்ல, இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான ஆட்களுக்கு உதவுகின்றன.

தமிழ்நாட்டுக் காவல்துறையின் முறை எளிமையானது: ஒரே எண், 47. எத்தனை ஆண்டு படையில் இருந்தீர்கள் என்று அது பார்ப்பதில்லை. 15 ஆண்டு முடித்து ஓய்வூதியம் உறுதியானதும் 34 வயதில் வந்தவருக்குப் பதின்மூன்று ஆண்டு அவகாசம் கிடைக்கிறது. 28 ஆண்டு இருந்து, ஜே.சி.ஓ. (நாயப் சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) ஆகி, 47இல் வந்தவருக்கு ஒரு நாளும் இல்லை. அதாவது நாட்டுக்கு அதிக காலம் உழைத்தவருக்குக் கதவு முதலில் சாத்தப்படுகிறது. காவலர் பணிக்கு உடல் வேண்டும் என்ற அளவில் இதில் நியாயம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

மத்திய அரசின் முறை வேறு. 1979ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகளின்படி, உங்கள் இப்போதைய வயதிலிருந்து படையில் கழித்த ஆண்டுகளை முழுவதுமாகக் கழித்துவிட வேண்டும்; மீதி வரும் எண், அந்தப் பணிக்கு உரிய உச்ச வயதை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளின் பொதுப்பணிக் (ஜி.டி.) காவலர் தேர்வில் பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 23. ஆக, கழித்து வரும் எண் 26க்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தால் இந்தக் கணக்கின் உட்பொருள் புரியும்: படையில் கழிந்த ஆண்டுகள் மாயமாகிவிடுகின்றன, எஞ்சுவது படையில் சேர்ந்தபோது இருந்த வயதும் வெளியே வந்தபின் வீட்டில் இருந்த ஆண்டுகளும் மட்டுமே. இந்த இரண்டையும் கூட்டினால் 26ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

சாப்புக்கு இதைப் போட்டுப் பார்த்தது மையத்தில் யாரும் அல்ல. இணைய மையத்திலிருந்து வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தபோது, பீரங்கிப் படையில் கிளார்க்காக இருந்த எங்கள் பேட்ச்காரர் ஒருவர், பயிற்சிக் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். 48இலிருந்து 28 போக 20. மாநிலக் காவல்துறைக்கு ஓர் ஆண்டு முதியவராக இருந்த மனிதர், மத்தியப் படைகளின் வயதுக் கணக்கில் இருபது வயது இளைஞராக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்தோம், சாப் சிரிக்கவில்லை, ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதே கிளார்க்குக்கு அந்தக் கணக்கு நேர்மாறாக அடித்தது. அந்தக் காலத்தில் கிளார்க் பிரிவில் 23 வயது வரை சேர முடிந்ததால் அவர் 23ஐ நெருங்கிய நேரத்தில்தான் படையில் சேர்ந்திருந்தார். வெளியே வந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. கூட்டினால் 27, 28 வருகிறது. பொதுப் பிரிவு வரம்பில் மத்தியக் கதவு அவருக்கு மூடிவிட்டது, மாநிலத்தின் 47 தாராளமாகத் திறந்திருக்கிறது. என் கதை நடுவில்: 19உம் நான்கும் சேர்ந்து 23, ஆகவே மத்தியத் தேர்வுக்கு இன்னும் மூன்று ஆண்டு, மாநிலத் தேர்வுக்கு ஏழு ஆண்டு. இந்தக் கணக்கை 23 பேருக்கும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. நான்கு மாதத்தில் அந்த அரை மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உரிமையாளரிடம் கேட்டபோது, "நாங்கள் ஸ்டேட் போலீஸுக்கு மட்டும்தான் சார் கோச்சிங் தருகிறோம்" என்றார்.

குறையை முதலில் கொட்டிவிட்டேன். இனி வகுப்புகள்.

தேர்வின் அமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ் மொழித் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுத்தால்தான் இரண்டாம் பகுதியையே திருத்துவார்கள், ஆனால் அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. இரண்டாம் பகுதி 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. அதன்பின் உடல்திறன் போட்டிகளுக்கு 24, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்கான சிறப்பு மதிப்பெண் 6. ஆக மொத்தம் 100.

தமிழ் என்றதும் எங்களில் பாதிப் பேர் அலட்சியமாக இருந்தோம். தாய்மொழிதானே என்ற நினைப்பு. முதல் வாரத் தேர்வில் எனக்கு 80க்கு 27 வந்தது. பதினேழு ஆண்டு இந்தியில் கட்டளை வாங்கி, இந்தியில் கடிதம் எழுதி, விடுப்பு விண்ணப்பம்கூட இந்தியில் நிரப்பிய ஒருவனுக்கு, பத்தாம் வகுப்புப் புத்தகத்தோடு விட்டுப்போன புணர்ச்சி விதியும் ஆகுபெயரும் எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் மையத்தின் தமிழ் ஆசிரியையைப் பாராட்ட வேண்டும். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். தன் அப்பா வயதில் இருந்த மாணவர்களைச் சற்றும் கூச்சமில்லாமல், சற்றும் மரியாதைக் குறைவில்லாமல் நடத்தினார். வினைத்தொகை எங்கள் தலையில் ஏறவே இல்லை. ஊறுகாய், சுடுசோறு என்று புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுகளைச் சொல்லிப் பார்த்தார். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு, "சார், நீங்கள் எல்லாரும் யார்? சுடுபடை. சுட்ட படை, சுடுகின்ற படை, சுடும் படை. மூன்று காலமும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, வெளியே தெரியவில்லை. அதுதான் வினைத்தொகை" என்றார். பின் வரிசையில் இருந்து யாரோ, "எங்கள் ஓய்வூதியத்துக்குப் பின் சுட்ட படை மட்டும்தான் மேடம்" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வியை இனி எங்களில் ஒருவரும் தவற விடமாட்டோம். அக்டோபரில் நான் 80க்கு 58 எடுத்தேன்.

ஆனால் மையத்தின் கால அட்டவணை அவருடைய திறமையை வீணடித்தது. 32 எடுத்துத் தாண்ட வேண்டிய பாடம் அது. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் தரவரிசையில் ஒரு இடத்தையும் உயர்த்தாது. இருந்தும் மூன்றாவது மாதத்திலும் தினம் இரண்டு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் பொது அறிவு என்றே போய்க்கொண்டிருந்தது. கல்லூரி முடித்து வருகிற இருபது வயதுப் பிள்ளைகளுக்கான அட்டவணையை அப்படியே எடுத்து எங்களுக்கும் ஒட்டியிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. பொது அறிவு நடத்தியவர் வேகமாகப் படித்துக்காட்டிவிட்டுப் போனார். அறிவியல் பகுதியைப் புரிந்துகொள்ள என் எட்டாம் வகுப்பு மகளிடம்தான் நான் உட்கார்ந்தேன், அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. உளவியல் பகுதியைப் பொறுத்தவரை, திசை அறியும் கேள்விகளில் எங்களை யாரும் தோற்கடிக்க முடியாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு இரவில் நடந்தவர்களுக்கு, "கிழக்கே 5 கிலோமீட்டர் நடந்து வலப்புறம் திரும்பினான்" என்பது கேள்வியே அல்ல. எண் தொடரும் தனிவட்டியும் வந்தால் அதே ஆட்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மைதானத்துக்கு வருகிறேன். காலை ஐந்தரை மணிக்கு ஓட்டம். பயிற்றுநர் நல்ல ஓட்டக்காரர், முப்பது வயதுக்குள் இருப்பார், எங்களிடம் தனிப்பட்ட முறையில் மிகவும் அன்பாக இருந்தார். ஆனால் முதல் நாளிலிருந்து அவர் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் ஒரே எண்ணைத்தான் பார்த்தது: 1,500 மீட்டர், ஏழு நிமிடம். அது பொதுவான ஆண் விண்ணப்பதாரர்களுக்கான அளவு. முன்னாள் படைவீரர்களுக்கான உடல்திறன் அளவுகள் தேர்வு வாரியத்தின் தகவல் சிற்றேட்டில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கயிறு ஏறுதலையும் 3.80 மீட்டர் நீளம் தாண்டுதலையும் வைத்து எங்களை வாட்டிய அந்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்தை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நாங்களாவது பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படையில் இருந்தவனுக்கு உஸ்தாத், அதாவது பயிற்றுநர், சொன்னால் ஓடிப் பழக்கம். எதற்கு என்று கேட்டுப் பழக்கம் இல்லை. நாற்பத்திரண்டு வயது ஹவில்தார் ஒருவருக்கு நீளம் தாண்டும்போது முழங்காலில் பழைய வலி திரும்பி வந்து, இரண்டு வாரம் படிக்கட்டு ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். படையின் உடல்திறன் சோதனையான பி.பி.இ.டி.யில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பதினைந்து ஆண்டு ஓடியவர் அவர். ஓடும் தெம்பு எங்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. குதித்துத் தரையில் விழுவதற்கான மூட்டுதான் இல்லை. இந்த வித்தியாசத்தை அறிந்த பயிற்றுநர் ஒருவரை வைத்துக்கொள்ளாத மையம், "முன்னாள் படைவீரர் சிறப்பு பேட்ச்" என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தம் குறைவு.

இதையெல்லாம் கேட்டால் எங்களுக்குப் பதில் கிடைத்த ஒரே இடம், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வந்து போன ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளரின் வகுப்பு. அவரும் முன்னாள் படைவீரர்தான். முப்பத்து மூன்று வயதில் காவல்துறைக்கு வந்தவர். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வகுப்பு அது, ஆனால் கட்டணத்தில் பாதி அதற்கே தகும். தேர்வில் வென்றபின் என்ன நடக்கும் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் நிலைக் காவலராகச் சேருகிறவர் பத்து ஆண்டு முடித்த பிறகே முதல்நிலைக் காவலராகத் தரம் உயர்த்தப்படுவார். தலைமைக் காவலர் பதவி அதற்கும் மேல் சில ஆண்டு. சிறப்பு உதவி ஆய்வாளர் பதவிக்கு இருபது ஆண்டுக்கு மேல் பணி வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஓய்வு வயது 60. இப்போது கணக்குப் போடுங்கள் என்றார். 34இல் சேர்ந்தவர் தோளில் நட்சத்திரத்தோடு ஓய்வு பெறலாம். 41இல் சேர்ந்தவர் 51இல் முதல்நிலைக் காவலர், பிறகு தலைமைக் காவலர், அத்தோடு சரி. 46இல் சேர்ந்தவர் 56இல் முதல்நிலைக் காவலர். படையில் ஒரு பிளாட்டூனை நடத்தியவர், இங்கே தன் மகன் வயதுள்ள உதவி ஆய்வாளருக்கு வணக்கம் வைத்து, திருவிழா பந்தோபஸ்துக்குக் கயிறு பிடித்து நிற்க வேண்டியிருக்கும். "அது உங்களுக்குச் சம்மதம் என்றால் வாருங்கள், மனசில் சிறு உறுத்தல் இருந்தாலும் வராதீர்கள்" என்றார். சம்பளம் 18,200இல் தொடங்குகிறது, படை ஓய்வூதியம் அதன்பாட்டுக்கு வரும், ஆகவே வீட்டுக் கணக்கில் பெரிய குறை இருக்காது. குறை இருக்கப்போவது வேறு இடத்தில் என்பதை அவர் நாசூக்காகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் வகுப்புக்கு வரவில்லை. அவர்களுக்கு அவர் செய்தது உதவிதான் என்று நினைக்கிறேன்.

அதே வகுப்பில் அவர் சொன்ன இன்னொரு செய்தி, இதுபோன்ற மையங்களில் சேரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மத்திய அரசு விதிப்படி, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு முறை குடிமைப் பணியில் சேர்ந்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டுச் சலுகை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் சேருவதற்கு முன்பே வேறு எந்தெந்த வேலைகளுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்பதைத் தேதியோடு எழுதி, சேர்ந்த உடனே அலுவலகத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்குச் சலுகை தொடரும். 2014 முதல் இந்த வழி இருக்கிறது. எங்கள் பேட்சில் ஒருவர் ஏற்கெனவே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சேர்ந்திருந்தார், இப்படி ஒரு தாள் கொடுக்க வேண்டும் என்பதே தெரியாமல்.

பேட்சில் இன்னும் பணியில் இருந்த ஹவில்தார் ஒருவரும் இரண்டு மாத ஆண்டு விடுப்பில் வந்து படித்தார். ஓய்வுக்கு ஓராண்டுக்குள் இருப்பவர்கள் மத்தியப் பணிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் யூனிட்டிலேயே தெரிந்துகொண்டு வந்திருந்தார். அவரைப் பார்த்தபோதுதான், நான் நான்கு ஆண்டை எங்கே விட்டேன் என்று எனக்கு உறைத்தது. படைவீரர்களுக்கான மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன் நடத்தும் பயிற்சிகளில் 24 வாரம் வரை உட்காரும் வாய்ப்பு எனக்கும் இருந்தது. ஊருக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விசாரிக்க வந்த இளைஞர்களில், அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணிக்குப் படையில் சேர்ந்த அக்னிவீரர்களின் தம்பிமாரும் இருந்தார்கள். அண்ணன் 2026 முடிவில் வெளியே வருவான், 47 அவனுக்கும் உண்டா என்று வரவேற்பில் கேட்பார்கள். உண்டு உண்டு என்று தலையாட்டி அனுப்பியதை என் காதால் கேட்டேன். இது விசாரிக்காமல் சொன்ன பதில். நான்கு ஆண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரருக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது என்று 2022இல் திட்டத்தை அறிவித்தபோதே சொல்லப்பட்டுவிட்டது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அவர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும், மூன்று ஆண்டு வயதுத் தளர்வும், முதல் பேட்சுக்கு மட்டும் ஐந்து ஆண்டுத் தளர்வும் தனியாக அறிவிக்கப்பட்டன. உத்தரப் பிரதேசம் 2025இல் தன் காவல்துறையில் 20 சதவீதம் ஒதுக்கியது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வெளியே வருகிறவர் தமிழ்நாட்டில் பொதுவான 26, 28, 31 வரம்புக்குள்ளேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் அவருக்கு 47 தேவையும் படாது. அந்தப் பையனிடம் படிக்கட்டில் வைத்து இதைச் சொன்னேன். "அப்போ எதுக்கு சார் உண்டுன்னாங்க?" என்றான்.

மற்ற வசதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பறை சுத்தமாக இருந்தது, மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றாது, கழிப்பறை ஒன்றுதான். கொடுத்த தமிழ்ப் புத்தகம் நன்றாகத் தொகுக்கப்பட்டிருந்தது, பொது அறிவுப் புத்தகம் பழையது. வாரத் தேர்வுகளை ஒருமுறைகூடத் தவறாமல் நடத்தினார்கள், விடைத்தாளை மறுநாளே திருத்திக் கொடுத்தார்கள், இரவுப் பணி முடித்து வருகிறவர்களுக்காக மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றிக் கேட்டபோது முகம் சுளிக்காமல் செய்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி 2 மணி 40 நிமிடத் தேர்வில் உட்கார்ந்தபோது, தமிழ்ப் பகுதியில் பதற்றம் இல்லாமல் எழுதினேன் என்றால் அது முழுக்க அந்த ஆசிரியையின் கைவேலை.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: 15 முதல் 20 ஆண்டு பணி முடித்து, நாற்பதைச் சுற்றி வயது இருந்து, தமிழ்ப் பாடம் மறந்துபோயிருந்தால் சேரலாம், முதல் இரண்டு மாதம் நிச்சயமாகப் பயன்படும், பொது அறிவுக்கு வீட்டில் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்குப் போகும் முன் தகவல் சிற்றேட்டில் உங்களுக்குரிய அட்டவணையை அச்செடுத்துப் பயிற்றுநர் கையில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார். 45ஐத் தாண்டியவர்கள் பணம் கட்டும் முன் பிறந்த தேதியையும், அறிவிக்கையில் எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஜே.சி.ஓ.வாக வந்தவர்கள் இந்த மையத்துக்கு வர வேண்டாம். மத்தியத் தேர்வுகளுக்குப் பாடம் நடத்தும் இடத்தைத் தேடுங்கள்.

சாப்புக்கு மையம் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உரிமையாளர் அறைக்குப் போய் நின்ற பிறகுதான் அதுவும் நடந்தது. அவர் மீதிப் பணத்தைக் கேட்கவில்லை. "இரண்டு மாதம் தமிழ் படித்தேன், அதற்குச் சரியாகப் போயிற்று" என்றார். மத்தியப் படைத் தேர்வுக்கான புத்தகங்களை இப்போது பழைய புத்தகக் கடையில் வாங்கி வைத்திருக்கிறார். போன வாரம் நான் மையத்தின் வழியாகப் போனேன். பலகையில் 47 அப்படியே சிவப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே யாரோ கையால், வெள்ளைப் பெயிண்டில், "டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பிறந்த தேதியோடு வரவும்" என்று சேர்த்து எழுதியிருந்தார்கள்.